ஒன்பதிலிருந்து பின்னோக்கி

மச்சி,

உன் மனைவி கொடுத்தனுப்பிய உன் பழைய விசைப்பலகை இன்று காலை வந்து சேர்ந்தது. கவிழ்த்துத் தட்டினேன்; பஜ்ஜித் துகள் கொட்டியது. துடைக்க மனம் வரவில்லை.

அடையாறு ஆராய்ச்சிக்கூடத்தில் நாம் எழுதிய இயங்குதளம் கடைக்குப் போனதே இல்லை. நாமே எழுதி, நாமே ஓட்டி, நாமே உடைத்து, அடுத்த பதிப்பைத் தொடங்குவோம். அப்படி ஒன்பது பதிப்புகள். ஒவ்வொன்றிலும் முதலில் நுழைவது கூடத்துக்குக் கடைசியாக வந்து சேர்ந்த ஆள்தான் என்பது நீ போட்ட சட்டம். "பழகினவன் பள்ளம் பாத்து ஒதுங்கிடுவான் மச்சி. புதுசா வந்தவன்தான் கரெக்டா வுழுவான்" என்பாய். நான் வந்தது நான்காம் பதிப்புக்கு. எதையோ தட்டினேன், இயந்திரமே படுத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் என்னைப் பெசன்ட் நகர் கடற்கரைக்கு இழுத்துப் போய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்த ஆள் நீ.

பிறகு உனக்கு மறதி நோய் வந்தது. அது உன்னைத் தின்ற விதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. கடைசியில் வந்தவை முதலில் போயின. ராஜா அண்ணாமலைபுரம் வீட்டுக்கு நான் வரும்போதெல்லாம் வேலைப் பேச்சுதான். முதலில் எட்டாம் பதிப்பின் பிழை, சில மாதம் கழித்து ஆறாம் பதிப்பின் பிழை, எல்லாம் நேற்று நடந்ததுபோல. உன் மகள் பிறந்தது நாம் ஏழாம் பதிப்பை எழுதிக்கொண்டிருந்தபோது. அவளையே யாரென்று நீ கேட்ட அன்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அடுத்து நான்தானே.

அந்த நாளும் வந்தது. கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாய்.

"யாரு நீ? புதுசா சேர்ந்துகீறியா?"

உன் மனைவி உள்ளே போய்விட்டார்கள். "ஆமா சார்" என்றேன். உன்னை நான் சார் என்றது அன்று ஒருநாள்தான். எந்தக் கணினியோடும் இணைக்காத இந்தப் பலகையை என் பக்கம் தள்ளினாய்.

"நாலு ரெடி. நீதான் மொதல்ல உள்ள போற. தைரியமா தட்டு நைனா."

தட்டினேன். "படுத்துடுச்சு சார்" என்றேன். கைகொட்டிச் சிரித்தாய்.

அடுத்த முறை வந்தபோது நீ மூன்றுக்குப் போய்விட்டிருந்தாய். அங்கே நான் இல்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் நீயும் போய்விட்டாய்.

இப்போது எனக்கும் நழுவுகிறது மச்சி. ஒன்பதாம் பதிப்பை யார் யார் எழுதினோம் என்று நேற்று வெகுநேரம் யோசித்தேன், பிடிபடவில்லை. டாக்டரிடம் போகப் பயமாக இருக்கிறது. ஒன்பது போகட்டும். எட்டும் ஏழும் போகட்டும். நான்குக்கு வந்து சேர்ந்துவிட்டால், இந்தப் பலகையை என் பக்கம் தள்ள நீ அங்கே இருப்பாய்.