மங்கோலியர் நடுவே ஒரு செருப்பு

வால்தம்ஸ்டோ
லண்டன், 04.05.2025

அன்புத் தங்கச்சி பெர்னடெற்,

முழங்கால் நோவோடு நீ இன்னும் இரவு ஷிப்டுக்குப் போகிறாய் என்று உன் மகள் கிளறிற்றா சொன்னாள். மருமகள் சொல்லித்தான் உன் சுகம் எனக்குத் தெரியவேண்டியிருக்கிறது. இருக்கட்டும்.

இத்துடன் கட்டுரை வருகிறது, முப்பத்தொரு பக்கம். உன் அண்ணன் கொட்வினின் நாற்பதாம் ஆண்டு நினைவு மலருக்கு நான் வேறு எதை எழுதுவது? கண்ணீர்க் கவிதை எனக்கு ஏலாது. அவனும் நானும் வேறு வேறு விடுதலை இயக்கங்களுக்குப் போன பிறகும், வாசிகசாலையில் கண்டால் அவன் மங்கோலியரைத்தான் பேச்சுக்கு இழுப்பான். சீனாவில் உள்நாட்டுப் போர். தன்னாட்சி கேட்ட மங்கோலியர் அதற்குள் பிளவுபட்டு நின்றார்கள். கிழக்கே ஓர் அணி தனக்கென்று அரசே அமைத்தது. இன்னோர் அணி கம்யூனிஸ்டுகளோடு நின்றது. வேறு சிலர் கோமிந்தாங் அரசை நம்பினார்கள். 1946 ஏப்ரலில் செங்டே நகரில் முதல் இரண்டு அணிகளும் கூடிப் பேசின. கிழக்கணி தன் அரசைக் கலைத்துவிட்டு மற்றதோடு சேர்ந்தது. "சரியோ பிழையோ, சுடாமல் கதைச்சிருக்கிறாங்கள், பாலா" என்பான் கொட்வின்.

அந்த நம்பிக்கையோடுதான் அவன் எங்கள் இயக்கத்தோடு பேசப் போனான். நான் மட்டும் மெட்ராஸில் நில்லாமல் ஊரில் நின்றிருந்தால் என்று நினைக்காத நாளில்லை.

வழக்கம்போல, நான் பார்த்து எழுதிய ஆங்கிலப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, வரி வரியாக ஒப்பிட்டுத் தட்டச்சு செய். இருபது வருடமாக என் பிழைகளைப் பிடிக்கிற ஆள் நீ ஒருத்திதான்.

உன் அண்ணை
பாலேந்திரா


சட்டன்
லண்டன், 17.05.2025

என் அன்பான பாலா அண்ணைக்கு,

ஷிப்டைக் குறைத்துவிட்டேன், இனி ஏச வேண்டாம். உங்கள் கையெழுத்துத்தான் வர வரக் கோழி கிளறினது மாதிரி இருக்கிறது. அதை வாசிக்கக் கண்ணாடி மாற்றவேண்டிய நிலை எனக்கு.

பதினெட்டாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். செங்டேயில் கிழக்கணித் தூதன் ஒருவன் கதவடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். இடது செருப்பின் வார் அறுந்து, அதில் சேப்டிபின் குத்தியிருந்தது என்றும் இருக்கிறது. புத்தகத்தில் அந்தப் பந்தியே இல்லை. மூன்று தரம் தேடினேன். மங்கோலியர் அந்தக் குளிருக்குள் செருப்போடா திரிந்தார்கள் என்று முதலில் சிரித்தேன்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அன்று காலை கொட்வின் அண்ணையின் இடது செருப்புக்குச் சேப்டிபின் குத்திக் கொடுத்தது நான். எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து கழற்றிக் குத்தினேன். பின்னைத் தொலைத்துவிட்டேன் என்று அம்மாவிடம் பொய் சொன்னதால் பிறகு ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்தச் செருப்போடுதான் அவர் நேரே பேச்சுக்குப் போனார். ஆளும் வரவில்லை, உடலும் வரவில்லை.

அண்ணை, மெட்ராஸில் நின்ற நீங்கள் அந்தச் செருப்பை எங்கே கண்டீர்கள்? நான் நினைப்பது பிழையென்றால் உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பேன். பிழையென்று எழுதுங்கள்.

தங்கச்சி
பெர்னடெற்


வால்தம்ஸ்டோ
24.05.2025

பெர்னடெற்,

எழுதும்போது எனக்குத் தெரியவே இல்லை. கை தன்பாட்டில் எழுதியிருக்கிறது. நீ எழுதிய பிறகுதான் எடுத்துப் பார்த்தேன்.

நான் மெட்ராஸில் நிற்கவில்லை. ஒருவர் கண்ணிலும் படாமல் கொட்வினைக் கூப்பிடப் போனதே நான்தான். வேறு யார் போனாலும் அவன் வரமாட்டான் என்று எங்கள் பொறுப்பாளருக்குத் தெரியும். "கதைக்கத்தானே கூப்பிடுறியள்?" என்று கேட்டான். "ஓம், நான் நிக்கிறன், பயப்பிடாதை" என்றேன். அது பேச்சு இல்லை என்று முதல் நாளே எனக்குத் தெரியும். இரண்டு நாள் அடைத்து வைத்துவிட்டு விடுவார்கள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். வாய் திறந்திருந்தால் என்னையும் சேர்த்துச் சுட்டிருப்பார்கள். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது.

அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு நான் செய்தது ஒன்றும் பொய் இல்லை, தங்கச்சி. உன்னை லண்டனுக்குக் கூப்பிட்டது பொய் இல்லை. சைவக்காரனான நான் உன் கலியாணத்தன்று மாதா கோயிலில் உன் கையைப் பிடித்துப் பீடத்தடிவரை கூட்டிப்போனதும் பொய் இல்லை.

அந்தப் பந்தியை எடுத்துவிடு. அன்று கூட நின்றவர்கள் இங்கே லண்டனில் பார்க்கிங் என்ற ஊரிலும் இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகளோடு.

பாலேந்திரா


சட்டன்
02.06.2025

பாலேந்திரா அண்ணைக்கு,

இன்னும் அண்ணை என்றுதான் கை எழுதுகிறது.

செய்தது ஒன்றும் பொய் இல்லை என்கிறீர்கள். அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருக்கிறது. எல்லாம் பொய்யென்றால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். அம்மா ஒவ்வொரு முகாமாக ஏறி இறங்கினா. மெட்ராஸிலிருந்து வந்துவிட்டேன் என்று சொல்லி, நீங்கள்தான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். பிள்ளை எங்கே என்று தெரிந்துகொண்டே, அவன் இல்லாத இடங்களுக்கெல்லாம் அந்த மனுசியைக் கூட்டிப்போனீர்கள். இங்கே ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தபோது, "கொட்வினை எடுத்த கர்த்தர் உன்னைத் தந்தார், மோனை" என்று உங்கள் கையைப் பிடித்தா. நீங்கள் கையை இழுக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தேன், நன்றியில்.

இருபத்துமூன்று வயதில் பயந்ததை ஒரு நாள் மன்னிக்கக்கூடும். இப்போது உங்களுக்கு அறுபத்துமூன்று.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவரை எங்கே குழி வெட்டித் தாட்டீர்கள்? ஆட்களின் பெயர் கேட்கவில்லை. பொலிசுக்கும் போகமாட்டேன். மெழுகுதிரி கொளுத்திச் செபம் சொல்ல எங்களுக்கு ஓர் இடம் வேண்டும். இடத்தை மட்டும் எழுதுங்கள். இரண்டு வரி போதும்.

பெர்னடெற்


சட்டன்
28.07.2025

திரு. பாலேந்திரா அவர்களுக்கு,

எட்டுக் கிழமையாகப் பதில் இல்லை. தொலைபேசியையும் எடுக்கிறீர்கள் இல்லை. உடம்புக்கு வருத்தமோ என்று பயந்து கிளறிற்றாவை அனுப்பினேன். நீங்கள் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றதாகவும், தன்னைக் கண்டதும் மற்றப் பக்கம் போனதாகவும் வந்து சொன்னாள்.

மலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உங்கள் கட்டுரை முழுதாக வருகிறது. செங்டேயில் நடந்தது புத்தகத்தில் உள்ளபடியே இருக்கும். அவர்களுக்கு அவர்களுடைய துயரமே போதும், எங்கள் பழியையும் மங்கோலியர் சுமக்க வேண்டாம். அந்தப் பந்தியை வெளியே எடுத்து, ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் போட்டு, உங்கள் மே இருபத்துநாலாம் திகதிக் கடிதத்தோடு தனிப் பக்கமாக வைத்திருக்கிறேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை.

முன்பக்கத்தில் கொட்வின் அண்ணையின் விபரம் வரும். பிறந்த இடம் மன்னார். அடக்கம் செய்யப்பட்ட இடம் என்ற வரியை வெறுமையாக விடலாமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அதில் உங்கள் பெயரையும் வால்தம்ஸ்டோ விலாசத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அண்ணையின் நினைவுப் பூசைக்கு வருகிற எல்லாருக்கும் மலர் போகும். வீடு தேடி வந்து கேட்பவர்களுக்காவது சொல்லுங்கள்.

கொட்வினின் தங்கச்சி
பெர்னடெற்