உப்பளக் கரையில் நின்ற கால்

பாய்,

நேற்று மாலை மின்சாரம் நின்றதும் மேசைமேல் மெழுகுவர்த்தி ஏற்றினேன். மெழுகு உருகிய வாசனையில், புதுச்சேரியில் நாம் இருவரும் கால் சிகிச்சைக்குப் போன சிறிய அறை நினைவுக்கு வந்தது. அடுத்தடுத்த நாற்காலிகளில் கால் நீட்டி அமர்ந்திருப்போம். சிகிச்சை தரும் பெண், சூடான மெழுகைத் தூரிகையால் தொட்டுப் பூசுவார். "நல்லா பூசும்மா. வக்கீல் காலு, உன் மேலயே கேஸ் போட்டுடப் போவுது" என்பீர்கள். அவர் சிரிப்பை அடக்கும்போது என் காலில் ஒரு சொட்டு கூடுதலாக விழும்.

எனக்குப் பேருந்துப் படியில் பிசகி முறிந்த கணுக்கால். உங்களுக்கு வளைகுடா நாட்டுச் சமையற்கூடத்தில் ஆண்டுக்கணக்காக நின்று நொந்த குதிகால். மாத்திரை, ஊசி, கட்டு, மெழுகு என எதையும் நாம் விட்டுவைக்கவில்லை. எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே சொன்னது. என் கால் அதை ஏற்கவில்லை. ஊரில் எல்லோரும் "இன்னுமா வலிக்குது?" என்றார்கள். அந்த 'இன்னுமா'வில் ஓர் ஐயம் இருந்தது. குறுக்கு விசாரணை செய்து பழகிய எனக்கு அது புரியாமல் போகாது. நீங்கள் ஒருவர்தான், மரக்காணம் திரும்பும் பேருந்தில், "இன்னிக்கு வலி எவ்ளோ தூரம் நடக்க விட்டுச்சு, சார்?" என்று கேட்பீர்கள்.

"போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் விட்டுது, பாய்."

"பரவால்லையே. என்னைய வாசப்படியோட நிறுத்திடுச்சு."

2005 கோடையில் உங்கள் இதயம் சொல்லாமல் நின்றது. காலுக்காக அத்தனை நாள் அலைந்த நாம் நெஞ்சைப் பற்றி ஒரு முறையும் பேசியதில்லை.

பள்ளிவாசலில் தொழுகை முடிந்து, உங்களைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தோளில் ஏற்றினார்கள். அடக்கத்தலம் வரை உங்கள் பின்னால் நடந்தே வரவேண்டும், இயன்றால் சிறிது தூரமாவது தோள் கொடுக்க வேண்டும் என்பது ஒன்றே அன்று என் எண்ணம். குறுக்கு வழி உப்பளக் கரைமேல் போயிற்று. மேடும் பள்ளமுமாக இறுகிய மண். பாதி வழிகூட வரவில்லை. கணுக்கால் உட்புறமாக மடங்கியது. நின்றுவிட்டேன். கூட்டம் என்னைக் கடந்து போயிற்று. மய்யித்தைச் சுமப்பவர்கள் மெதுவாக நடப்பதில்லை.

உங்கள் தங்கை மகன் திரும்பி ஓடிப்போய் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து கரைக்குக் கீழே நிறுத்தினார்.

"ஏறுங்க சார். ரோட்டால சுத்திப் போயிடலாம்."

"கொஞ்சம் நின்னுட்டு வர்றேன், தம்பி."

"மாமா இருந்தா உங்கள நடக்க விட்டிருப்பாரா? ஏறுங்க, நேரமாவுது."

ஏறினேன். எல்லோருக்கும் முன்பே சென்றடைந்தோம். உங்களுக்குப் பின்னால் நடக்க வந்தவன், தோண்டி வைத்த குழியருகே உங்களுக்காகக் காத்து நின்றேன். தொலைவில், வெளுத்த பாத்திகளுக்கு நடுவே, தோள் மாறித் தோள் மாறி வந்துகொண்டிருந்தீர்கள்.

வலித்தது உண்மை; வீங்கிய கணுக்காலே அதற்குச் சாட்சி. ஆனால் நடக்கவே இயலாமல் நின்றேனா, இன்னும் வலிக்குமே என்று அஞ்சி நின்றேனா என்பதை இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. மருத்துவரைக் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இப்படியொரு காலோடு வாழ்ந்த ஒருவர்தான் அதைச் சொல்லத் தகுதியுள்ளவர். அவரைத்தான் அன்று தூக்கி வந்தார்கள்.

சிகிச்சை தொடர்கிறது. காலையில் கட்டிலிலிருந்து பாதத்தை இறக்கும்போது, இது வலியா, பயமா என்று கேட்டுக்கொள்கிறேன். பதிலுக்குக் காத்திராமல் ஊன்றிவிடுகிறேன்.