எல்லோரும் எழுந்தபோது உட்கார்ந்திருந்த உனக்கு

கூடப் பிறக்காத என் அக்கா, இதை யாரிடமும் காட்டிவிடாதே. உன்னால் இனி யாரிடமும் எதையும் காட்ட முடியாது என்று தெரியும். இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. எழுத்தெல்லாம் கோணலாக வருகிறது.

இன்று சாயங்காலம் நம் தெருமுனைக் கம்பத்தில் வாய் விரிந்த கோளாம்பி ஸ்பீக்கரைக் கட்டினார்கள். நாளை நவராத்திரிக் கச்சேரி. சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு பாட்டைப் போட்டார்கள். நான் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கச்சேரிக்கு வருகிற அந்த வித்வானின் குரல். மேலே ஏறிப் போய், ஒரே ஒரு ஸ்வரத்தில் அசையாமல் நிற்பாரே, அந்த இடம். எனக்குக் கை முழுவதும் புல்லரித்தது. காய்ந்த துணிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். யார் பாடுகிறார் என்பதே பிறகுதான் நினைவுக்கு வந்தது. உடம்பு முந்திக்கொண்டது, அக்கா. மனசு பின்னால் ஓடி வந்தது.

கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் இதே பாட்டை எத்தனை தரம் கேட்டிருப்போம்! உன் காதில் ஒரு இயர்போன், என் காதில் ஒன்று. நீ காலேஜுக்கு, நான் பள்ளிக்கு. அந்த இடம் வரும்போது என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வாய். "தோ வரது பார். மூச்சு விடாதே." விடமாட்டேன். நம் பஸ் வந்து, ஆள் ஏற்றி, போயே போய்விடும். "போச்சு! டீச்சர் கேட்டா பஸ் பங்க்சர்னு சொல்லு, கேட்டோ" என்பாய். "தெனமும் பங்க்சர் ஆகுமாக்கா?" என்றால், "கேரளா ரோடுடி, ஆகும்" என்பாய்.

அந்த வருடம் நவராத்திரியில் அவருக்குப் பின்னால் தம்புரா போட உன்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வருகிற வித்வானுக்கு நம் தெருப் பெண் ஒருத்தி தம்புரா போடுவது நம் நவராத்திரி மண்டபத்து வழக்கமாயிற்றே. பச்சைப் பட்டில் நீ உட்கார்ந்திருந்தாய். நம் மண்டபத்தில் கைதட்டக் கூடாது. பாட்டு அம்பாளுக்கு, நாம் சும்மா கேட்க வந்தவர்கள். அவர் பாடி முடித்ததும் அத்தனை பேரும் வாயடைத்து உட்கார்ந்திருந்த அந்த நிசப்தம்! உன் தம்புரா மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. கடவுள் இருக்கிறார் என்று அன்றைக்கு நிச்சயமாகத் தோன்றியது.

கச்சேரிக்குப் பிறகு நீ பாட்டு போடுவதைக் குறைத்துக்கொண்டாய். நான் கேட்டதற்குப் பரீட்சை என்றாய்.

மறு வருடம் சென்னையில் அவருடைய சிஷ்யை ஒருத்தி டிவியில் பேசினாள். அன்று நாம் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் அழவில்லை. நிதானமாகச் சொன்னாள்: "தனியா வா, ஒரு சூட்சுமம் சொல்லித் தரேன்னு கூப்பிட்டார். போனேன்." அதற்கு மேல் அவள் சொன்னதை அப்பா கேட்கவிடாமல் டிவியை அணைத்தார். "பேர் வாங்கணும்னா இப்படி ஒரு வழி. கோர்ட்டு ஒண்ணும் சொல்லலையே? அப்படியே இருந்தாலும், மனுஷன் வேற, சங்கீதம் வேற."

நான் உன்னைப் பார்த்தேன். உன் முகம் வெளுத்திருந்தது.

மாடிக்கு அழைத்துப் போய்த்தான் சொன்னாய். "அதே வார்த்தைடி. ஒரு எழுத்து மாறலை. என்கிட்டயும் அதையேதான் சொன்னார், தனியா வா, சூட்சுமம் சொல்லித் தரேன்னு. நான் அசடு, அம்மாவையும் கூட்டிண்டு போனேன். அம்மாவைப் பார்த்ததும் மூஞ்சி மாறிடுத்து. இன்னிக்கு நேரமில்லை, பின்னே பார்க்கலாம்னு அனுப்பிட்டார். எதுக்குன்னு அன்னிக்கு மனசிலாகலை."

உன் அம்மாவுக்கு அன்றே புரிந்திருக்க வேண்டும்; தெருவில் சொன்னால் உன் பேர்தான் கெடும் என்று உன் வாயைக் கட்டிவிட்டார்கள். நான் கேட்டேன்: "அப்போ அந்தப் பாட்டு? அதையும் விட்டுடணுமா?" நீ சொன்னாய்: "தெரியலைடி. கேட்டா அந்தப் பொண்ணு முகம் வரது. கேக்காம இருந்தா, ஏதோ என்னோடதை அந்த ஆள் பிடுங்கிண்டு போன மாதிரி இருக்கு. பஸ் ஸ்டாப்பில நின்னு கேட்டது நாமதானே? அது நம்மளோடது இல்லையா?"

போன நவராத்திரிக்கும் அவரையே அழைத்தார்கள். அப்பாதான் கமிட்டியில் முன்னால் நின்றார். நீ வரமாட்டாய் என்று நினைத்தேன். வந்தாய். இரண்டாம் வரிசையில், எனக்குப் பக்கத்தில், ஜமக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாய். வித்வான் உள்ளே வரும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள். கைதட்டல் இல்லாத நம் மண்டபத்தில் தெரு தருகிற மரியாதை அது ஒன்றுதான். அவர் வந்தார். மண்டபமே எழுந்தது. நானும் எழுந்தேன்.

நீ எழவில்லை.

முதலில் யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் எதிர்வீட்டு மாமி குனிந்து உன் தோளைத் தட்டினாள். "எழுந்துக்கோடி! என்ன, கால் மரத்துப் போச்சோ?"

"இல்லை மாமி, கால் நன்னாத்தான் இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாய். சத்தமாகக்கூட இல்லை. ஆனால் முன்வரிசை திரும்பியது, பின்வரிசை எட்டிப் பார்த்தது. என் அப்பா முறைத்தார். அத்தனை வேட்டிகளுக்கும் புடவைகளுக்கும் நடுவில் நீ ஒருத்தி மட்டும் தரையில், நேராக முதுகை வைத்துக்கொண்டு. அவர் உன்னைத் தாண்டிப் போகும்போது பார்த்தார். நீயும் பார்த்தாய். கண்ணை முதலில் எடுத்தவர் அவர்தான். கோபுரத்தைக் கிட்டே நின்று அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றுமே, உன்னைக் குனிந்து பார்த்தபோது எனக்கு அப்படி இருந்தது.

அதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. அவர் பாடினார். நன்றாகவே பாடினார், படுபாவி. அந்த இடம் வந்தபோது உன் விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. உன் கன்னம் நனைந்திருந்தது. உன் காதையும் நீ பொய் சொல்ல விடவில்லை. பாட்டு அழகு என்பதும், அந்த ஆளுக்காக எழ முடியாது என்பதும் ஒரே நேரத்தில் ஒரே பெண்ணிடம் இருந்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

அடுத்த நாளிலிருந்து உன்னைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். நீ சிரித்தாய். இந்த ஆடி மழையில் ஆரியசாலைக் கடைத்தெருவில் தேங்கிய தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாய். காலில் ஒரு சின்னக் கீறல். எலிக்காய்ச்சல் என்று டாக்டர்கள் கண்டுபிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் காரியத்துக்கு வந்த எதிர்வீட்டு மாமி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அவ அன்னிக்கு உட்கார்ந்திருந்தா பாரு, எனக்கும் உட்காரணும்னுதான் இருந்துதுடி." இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று அன்றிலிருந்து காத்திருக்கிறேன்.

இனி, இன்றைக்கு எழுதுவதற்கான காரணம். நாளை தம்புரா நான்.

அவர் மத்தியானமே வந்து இறங்கிவிட்டார். அவரைப் பார்த்துவிட்டு வந்த அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "உன்னைப் பத்தி விசாரிச்சார்டி! காலம்பற தனியா வரச் சொல்லு, ஸ்ருதி சேர்க்கறதுல ஒரு சூட்சுமம் சொல்லித் தரேன்னார். எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

நான் தலையை ஆட்டினேன், அக்கா. வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. அப்பா கெட்டவர் இல்லை. டிவியில் கேட்டும் அந்த வார்த்தையின் அர்த்தம் அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரிந்தவர்கள் நீ, அந்தச் சென்னைப் பெண், இப்போது நான். இதில் சொல்லக்கூடிய இடத்தில், இந்த வீட்டுக்குள் இருப்பது நான் மட்டும்.

உன்னைப் போல எனக்குத் தைரியம் கிடையாது. நீ உட்கார்ந்திருந்தபோது உன் முழங்கால் என் காலில் இடித்துக்கொண்டே இருந்தது. வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாய். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அன்றிலிருந்து அந்த நடுக்கம்தான் என்னிடம் இருக்கிறது. நடுங்குகிறவர்களாலும் முடியும் என்று

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. "இன்னும் தூங்கலையா? காலம்பற சீக்கிரம் போகணுமே, அவர் காத்துண்டிருப்பார்."

அப்பாவிடம் சொல்லப் போகிறேன், அக்கா. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றுகூட இல்லை. போகவே மாட்டேன் என்று. ஏன் என்றும். மறுபடி தட்டுகிறார். திறக்கி