நார்வேயிலிருந்து கொண்டுவந்த பயம்

இன்று மத்தியானம் குவாரியில் வெடி வைத்தார்கள். அடுப்படியில் டம்ளரெல்லாம் கிடுகிடுத்தன. நான் மலையைப் பார்க்கவில்லை. சட்டென்று கீழே ஆற்றைத்தான் பார்த்தேன். உங்களைக் கட்டிக்கொண்ட வினை, வேறென்ன!

தொண்ணூறுகளில் நீங்கள் வேலை பார்த்த கப்பல், சரக்குக் கிடைக்காமல் ஒரு குளிர்காலம் முழுக்க நார்வேயில் நின்றது. காவலுக்கு விட்டுப்போன நாலைந்து பேரில் நீங்களும் ஒருவர். நம் ஊர் கோபிக்குத் திரும்பி வந்ததும் அந்த ஊரைப் பற்றியேதான் பேச்சு. இரண்டு மலைகளுக்கு நடுவே கடல் ஒரு வாய்க்கால் மாதிரி உள்ளே வந்து கிடக்குமாம். கரையில் ஒரு சர்ச், ஒரு மளிகைக் கடை, சரிவில் கொஞ்சம் வீடுகள். சர்ச்சுக்குக் கீழே, தண்ணீரை ஒட்டி நல்ல சமநிலம். அதில் ஒரு வீடுகூட இல்லை என்றீர்கள்.

"ஏனுங்க, அத்தன நல்ல எடத்தச் சும்மாவா போட்டு வெச்சிருக்காங்க?"

"அங்கதான் அம்மணி பழைய ஊரு இருந்துச்சு. மலை பேந்து கடல்ல உழுந்துச்சாம். கல்லு ஒருத்தரையும் தொடல. தண்ணிதான் எந்திரிச்சு வந்து ஊட்டையெல்லாம் வழிச்சுட்டுப் போயிருச்சு."

மளிகைக் கடை அம்மாவின் அப்பா அந்தத் தண்ணீரோடு போனவர். உடல் கிடைக்கவே இல்லை. மலையில் இன்னும் ஒரு விரிசல் இருக்கிறதாம். ஆட்கள் வந்து அளந்து பார்த்துவிட்டுப் போவார்களாம். "அப்பறம் அங்கயே எதுக்குங்க குடியிருக்கோணும்? போறதுக்கு வேற ஊரா இல்ல?" என்று நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

பவானிக் கரையில் அப்பா எனக்குக் கொடுத்த வயலில் வீடு கட்ட வேண்டும் என்பது கல்யாணமான நாளிலிருந்து என் ஆசை. அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டிய அன்றைக்கு, அடித்த முளைக்குச்சியை நீங்களே பிடுங்கிப் போட்டீர்கள்.

"இங்க வேண்டாங் கண்ணு. மேட்டுக்காட்டுல கட்டிக்கலாம்."

"மாப்பிள்ளைக்குச் சீமைப் பேய் புடிச்சிருச்சுங்கோ" என்று என் அண்ணன் கேலி செய்தார். எனக்கு வந்த கோபத்தில் பல நாள் உங்களோடு பேசவில்லை.

மேட்டில்தான் கட்டினோம். விடிந்ததும் வாசலில் நின்று ஆற்றைப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் பல் தேய்ப்பீர்கள். "யாரோ வர்றாப்பல இருக்குது" என்பீர்கள். யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆறு நம் வாசலுக்கு ஒருநாளும் வரவில்லை. உங்களுக்கு வந்தது நெஞ்சுவலி.

பையன் காந்திபுரத்தில் வீடு பார்த்துவிட்டான். "இந்த மேட்டுல தனியா என்னம்மா பண்றீங்க? வாங்க போலாம்" என்று நேற்றும் வந்து மன்றாடினான். "நான் வரல சாமி" என்றேன். காரணம் கேட்டான். காப்பி வைக்க அடுப்படிக்குப் போய்விட்டேன்.

உங்களிடம் சொல்கிறேன். காலமெல்லாம் எந்தத் தண்ணீரைப் பார்த்துப் பயந்தீர்களோ, அதிலேயேதான், முறை என்று, உங்கள் சாம்பலைக் கரைத்தோம். இப்போது விடிந்ததும் நான் வாசலில் நிற்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களை அதில் தனியாக விட்டுவிட்டு நான் எந்த ஊருக்குங்க போவேன்?