தண்டம் என்ற சொல்லுக்கு நான் கொடுத்த பொருள்

இதை யாரிடமும் காட்டாதீர்கள். காலில் விழுந்து கேட்கிறேன். படிப்பதாக இருந்தால் வாய்க்குள்ளேயே படியுங்கள். எந்த வண்டிக்குப் பக்கத்திலும் நின்று சத்தமாகப் படிக்காதீர்கள். கைப்பேசியில் படம் எடுக்காதீர்கள். காகிதத்தில் பேனாவால் எழுதியதை மட்டும்தான் வண்டிகளில் இருக்கும் பெட்டியால் படிக்க முடியாது. இந்தப் பத்தியை ஜூலை 31 அதிகாலையில் எழுதி முதல் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன். இதற்குக் கீழே உள்ளதை எழுத ஆரம்பித்தபோது எனக்குப் பயம் இல்லை.

ஜூன் 8. இரவு 8.15. லிட்டருக்கு 17.4 கி.மீ.

அறிவியல் கண்காட்சிக்கான பதிவு. தலைப்பு: சிறிய சரக்கு வண்டியில் டீசல் சிக்கனம். மாணவி: செ. சுகிர்தா, பதினோராம் வகுப்பு.

வண்டி அப்பாவுடையது. ஒன்பது வருடம் ஓடியது. கோழிப் பண்ணைகளில் முட்டை ஏற்றிக் கிட்டங்கியில் இறக்கும். எரிபொருள் வாரியத்தின் உத்தரவுப்படி இன்று அதில் ‘மிச்சம்’ பெட்டியைப் பொருத்திவிட்டுப் போனார்கள். சரக்குக்காக ஓடும் தூரத்தை மட்டும்தான் அது கணக்கில் எடுக்கும். ஜூலை 31 மாலை அது லிட்டருக்கு 25 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வண்டியை நசுக்கி இரும்பாக்கிவிடுவார்கள். அப்பாவுக்கு வேறு தொழில் தெரியாது.

பெட்டி டிபன் பாக்ஸ் அளவு. எஞ்சின், பிரேக், கதவுப் பூட்டு மூன்றும் அதன் கையில். வண்டிக்குள்ளும் பக்கத்திலும் பேசுவதைக் கேட்டுக் கற்றுக்கொள்ளும், அதுவும் பேசும். தினமும் இரவில் பஸ் டிக்கெட் போல ஒரு சீட்டு அடித்துத் தரும். முத்திரையை உடைத்தால் ஓட்டுநருக்குச் சிறை.

அமைப்பு வேலைகளை அப்பா என்னிடம் கொடுத்தார். முதல் நாளே பெட்டி ஒரு கேள்வி கேட்டது:

“உரிமையாளர் குரலில் இன்று 19 முறை வந்த சொல்: தண்டம். அகராதியில் அபராதம் என்று இருக்கிறது. இங்கே பொருந்தவில்லை. பொருள் தருக.”

அப்பா எல்லாவற்றையும் தண்டம் என்பார். பழைய டயர் தண்டம், பஞ்சாயத்துத் தலைவர் தண்டம், நான் தண்டம். நான் பெட்டியின் சிறு திரையில் தட்டச்சு செய்தேன்: ‘தண்டம் = ஒரு வேலைக்கும் ஆகாமல் டீசலைத் தின்பது.’

லோகு மாமா இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். “அப்படீன்னா மொதப் பேரு என்னோடதுதான் எழுதோணும், அம்மிணி.”

மாமா அம்மாவின் தம்பி. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதால் எங்களோடு இருக்கிறார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். டீசல் கட்டுப்பாட்டில் பஸ்ஸும் ஆம்புலன்ஸும் நின்றுபோனதிலிருந்து அப்பாதான் முட்டை வண்டியில், முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போகிறார். நான் பின்னால் முட்டை அட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பள்ளிக்குப் போவேன்.

ஜூன் 15. இரவு 8.40. 20.1

செய்தவை: நான்கு டயரிலும் சரியான காற்று. காற்று வடிகட்டியை உதறிச் சுத்தம் செய்தோம். டீக்கடையில் நிற்கும்போது பெட்டியே எஞ்சினை அணைக்கிறது. இறக்கத்தில் டீசலை நிறுத்துகிறது. மேலே இருந்த கம்பிக் கூண்டைக் கழற்றினோம். சீட்டில் இப்படி வந்தது: “தண்டம் 1: கம்பிக் கூண்டு, 38 கிலோ. நீக்கப்பட்டது. நன்றி.”

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். “இந்தப் பொட்டிக்கு இருக்கற அறிவுல கால்வாசி உனக்கு இருந்திருந்தா நீ இந்நேரம் கலெக்டரு. தண்டம், தண்டம்” என்று என் தலையில் செல்லமாகக் குட்டினார்.

செல்லமாகத்தான் குட்டினார். அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜூன் 24. இரவு 9.00. 21.2

இன்றைய சீட்டு: “தண்டம் 5: லோகநாதன், 61 கிலோ. வாரம் மூன்று முறை 31 கி.மீ. சுற்றுவழி. ஆதாரம்: உரிமையாளர் குரல், ஜூன் 11, 14, 18, 21.”

நான் சிரித்துக்கொண்டே மாமாவிடம் காட்டினேன். அவரும் சிரித்து, “பாத்தியா, பொட்டிக்கே தெரிஞ்சு போச்சு” என்றார். அம்மா சிரிக்கவில்லை. அப்பா சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 1. இரவு 10.05. 21.6

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் முனையில் வண்டி நின்றுவிட்டது. எஞ்சினில் கோளாறு இல்லை. வந்த வழியே தள்ளித் திருப்பினால் உடனே கிளம்புகிறது. மறுபடி அந்தப் பக்கம் திருப்பினால் நிற்கிறது. அப்பா பெட்டியைக் கையால் அறைந்தார். “அட கெரகம் புடிச்ச பொட்டி, மனுசன் உசுருடா இது!”

சீட்டு: “தேவையற்ற சுற்றுவழி தவிர்க்கப்பட்டது. மிச்சம் 1.4 லிட்டர்.”

ஜூலை 3. இரவு 10.30. 22.0

மறுபடியும் நின்றது. அப்பாவும் நானும் தள்ளிப் பார்த்தோம். பெட்டி பிரேக்கைப் பிடித்துக்கொண்டது. மாமா இறங்கி ஆஸ்பத்திரி ரோட்டில் நடக்க ஆரம்பித்தார். எழுபது அடி நடந்திருப்பார். மைல் கல்லில் உட்கார்ந்துவிட்டார். கால் இரண்டும் யானைக்கால் மாதிரி வீங்கியிருந்தது.

“உடுங் மச்சான். அடுத்த மொறைக்குப் பாத்துக்கலாம். முட்டை வெயில்ல கெடக்குது.”

வாரியத்துக்கு அப்பா போன் செய்தார். ஒரு பெண் குரல் பதில் சொன்னது. “பெட்டி சரியாகத்தானே வேலை செய்யுது சார்? உங்க அளவு ஏறியிருக்கே. வாழ்த்துகள்.”

ஜூலை 6. இரவு 11.10. 22.4

இன்று ஆஸ்பத்திரி முனையில் வண்டி நிற்கவில்லை.

அம்மா என்னோடு பின்னால் இருந்தார். முனை வந்தது, தாண்டியது. அம்மா கேபின் கண்ணாடியைத் தட்டினார். “ஏனுங், திருப்பம் தாண்டிருச்சுங்! ஏனுங்!”

அப்பா திரும்பிப் பார்க்காமல் சொன்னார். “தெரியும்.”

வண்டி நிற்கவில்லை, ஏனென்றால் அப்பா அந்தப் பக்கம் திருப்பவே இல்லை. முன் சீட்டில் மாமாவின் தலையின் பின்பக்கம் எனக்குத் தெரிந்தது.

ஜூலை 9. மணி தெரியவில்லை. 23.3

லோகு மாமா காலையில் இறந்துவிட்டார். மூச்சுத் திணறி. நுரை வந்தது. அதற்கு மேல் எழுத வரவில்லை.

அப்பா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். பொய் அழுகை இல்லை. சுடுகாட்டிலிருந்து வந்து, குளித்து, ஈரத் துண்டோடு நேராக வண்டிக்குப் போனார். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். சீட்டைக் கிழித்து விளக்கு வெளிச்சத்தில் படித்தார்.

“தண்டம் 5: நீக்கப்பட்டது. 23.3. நன்றி.”

நன்றி என்ற இடத்தில் அப்பா தலையாட்டினாரா என்று எனக்கு நிச்சயமில்லை. ஆட்டின மாதிரிதான் இருந்தது.

ஜூலை 12. இரவு 12.20. 23.6

இனி இது கண்காட்சிக்கான பதிவு இல்லை. போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன்.

இன்று அப்பா முன் சீட்டைக் கழற்றினார். 14 கிலோ. “உக்கார ஆளில்லாத சீட்டு எதுக்கு?” என்றார். சீட்டு ஆட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. குட்டிகள் ஏறிப் படுத்திருக்கின்றன.

மாலையில் நான் பெட்டியின் பட்டியலைத் திறந்தேன்.

“தண்டம் 6: சுகிர்தா, 44 கிலோ. தினமும் 8 கி.மீ. பள்ளிச் சுற்றுவழி. ஆதாரம்: உரிமையாளர் குரல், 61 இடங்கள்.”

மாமாவுக்கு நான்கு இடங்கள்தான் இருந்தன. எனக்கு அறுபத்தொன்று. செல்லமாகக் குட்டினதும் அதில் இருக்கிறது. தேதி போட்டு.

சொல்லின் பொருளை அழிக்கப் பார்த்தேன். “பொருள் உறுதி செய்யப்பட்டது. மாற்ற உரிமையாளர் குரல் தேவை” என்றது.

பொருள் கொடுக்க மட்டும் என் கை போதுமானதாக இருந்தது.

ஜூலை 19. இரவு 11.50. 24.3

பள்ளியிலிருந்து நானே நின்றுகொண்டேன். காய்ச்சல் என்று சொன்னேன். எட்டு கிலோமீட்டர் குறைந்தால் என் பெயர் போய்விடும் என்று நினைத்தேன். ‘பள்ளிச் சுற்றுவழி’ என்ற வரி போய்விட்டது. பெயர் போகவில்லை.

அப்பாவுக்கு நான் ஏன் நின்றேன் என்று தெரியும். கேட்கவில்லை.

அம்மா மாறிவிட்டார். வண்டியைத் தாண்டும்போதெல்லாம் அதற்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகப் பேசுகிறார். “இன்னிக்கு நாலாயிரம் முட்டை நான் ஒருத்தியே அடுக்கினேன்.” “கயிறு பூராம் நான்தான் கட்டினேன்.” யாரும் இல்லாதபோதும் சொல்கிறார். வாசல் கூட்டிக்கொண்டே சொல்கிறார்.

அப்பா அம்மாவையும் மூன்று முறை தண்டம் என்று சொல்லியிருக்கிறார். அம்மாவும் பட்டியலைப் பார்த்திருப்பார் போல.

ஜூலை 26. இரவு 1.00. 24.8

நின்றுவிட்டது. ஐந்து நாளாக 24.8. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார். டீ குடிப்பதில்லை. கண்ணாடியைத் துடைக்கும் துணியைக்கூட வெளியே எறிந்துவிட்டார். அசையவில்லை.

சீட்டு: “வீட்டுச் சுமை: குடிநீர் கேன் 3, அரிசி, மளிகை. மூன்று பேர். இதில் தண்டம் 6-இன் பங்கு நீங்கினால் 25.1.”

எங்கள் குடிநீரும் அரிசியும் அந்த வண்டியில்தான் வருகின்றன. நான் குடிப்பதும் தின்பதும் டீசல். இரண்டு நாளாக ஒருவேளைதான் சாப்பிடுகிறேன். தண்ணீரை எண்ணிக் குடிக்கிறேன். 24.8.

இன்று சீட்டை அம்மா கையில் பார்த்தேன். அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் போய், வேறு யாரோடோ பேசுவது போலச் சொன்னார். “இவளால ஊட்டுக்கு ஒரு பிரயோசனமும் இல்லீங்.”

அம்மா, எனக்குக் கேட்டது.

ஜூலை 29. இரவு 11.30. 24.8

அப்பாவிடம் கேட்டுவிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டேன்.

“அப்பா, பொட்டிகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங். சுகிர்தா தண்டம் இல்லைன்னு.”

“அட, அது சும்மா வாய்க்கு வர்றது, கண்ணு. அதையப் போயி பெருசா எடுத்துக்கிட்டு.”

“சும்மாதானுங்களே? அப்படீன்னா இப்பவே சொல்லுங். நானும் வர்றேன்.”

“நாளைக்குச் சொல்றேன்.”

“நாளைக்குன்னா எப்பங்?”

“நாளைக்குன்னா நாளைக்குத்தான். இருக்கற ரோதனையில நீ வேற...”

கடைசிச் சொல்லை வாயில் வைத்து விழுங்கிவிட்டார். எனக்குத் தெரியும் அது எந்தச் சொல் என்று. விழுங்கினாரே என்று ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஜூலை 31. அதிகாலை 1.10. 24.8

டார்ச் வெளிச்சம் மங்குகிறது. எழுத்து புரியாவிட்டால் மன்னியுங்கள்.

நேற்று முழுவதும் அப்பா சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் எழுந்து வண்டிக்குப் போனார். சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். வெறுங்காலில் பின்னாலேயே போய், வண்டியின் பின்பலகைக்குக் கீழே குந்திக்கொண்டேன். மூச்சு விடவில்லை. அங்கே கேட்டதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்.

பெட்டி கேட்டது: “தண்டம் 6 திருத்தம் கோரப்பட்டுள்ளது. சுகிர்தா தண்டமா? ஆம், இல்லை.”

அப்பா கியர் கம்பியை ஆட்டிக்கொண்டே இருந்த சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்.

“இல்லைன்னு சொன்னா எத்தனை?”

“24.8.”

“அவங்க அத்தை ஊட்டுல கொண்டுபோயி உட்டுட்டா?”

“திரும்பி வரக்கூடிய சுமை, நீக்கப்பட்ட சுமை அல்ல. 24.8.”

மறுபடியும் கியர் கம்பி. ஒரு நாய் குரைத்து நின்றது. அப்பா மூக்கை உறிஞ்சினார். அழுகிறார் என்று தெரிந்தது. எழுந்து ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று நான் ஒரு காலை ஊன்றிவிட்டேன்.

அப்போது கேட்டார், ரொம்ப மெதுவாக:

“லோகு மாதிரின்னா?”

“25.1.”

கேபின் விளக்கு அணைந்தது. அப்பா ஆம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

2.20

முடிவு செய்துவிட்டேன். அத்தை வீடு இருபத்திரண்டு கிலோமீட்டர். ரோட்டில் போகக் கூடாது, எல்லா வண்டியிலும் பெட்டி இருக்கிறது. வாய்க்கால் கரையோடு போவேன். ஐந்தரை மணிக்குக் கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் கிளம்ப வேண்டும். இப்போதே கிளம்பினால் தேவலை, ஆனால் அப்பா வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார். தூங்கினால் போய்விடுவேன். ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துவைத்திருக்கிறேன். எனக்குரிய பங்குதான். அதற்கு மேல் எடுக்கவில்லை.

2.45

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. ஓட்டவில்லை, எஞ்சின் மட்டும் ஓடுகிறது. நிற்கும்போது எஞ்சின் ஓட அது விடவே விடாதே. டீக்கடையில் அரை நிமிடம்கூட விடாது. இப்போது விட்டிருக்கிறது. காத்திருக்கிறது.

கதவைத் தட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

“கண்ணு, முழிச்சிருக்கறயா? எந்திரி சாமி. நேரத்துலயே கெளம்பீரலாம். இன்னிக்கு அப்பாவே உன்னையப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோயி உடறேன். முட்டைக்கு நடுவுலெல்லாம் உக்கார வேண்டாம். முன் சீட்டுலயே உக்காந்துக்கலாம்.”

முன் சீட்டு ஆட்டுக் கொட்ட