கொலுவில் ஏறிய கோட்டை வீடு

தியாகராய நகர்,
சென்னை-17.
10.10.1973

மரியாதைக்குரிய கருணாகரன் அத்தானுக்கு, கொழுந்தியாள் ஜெயபாரதி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்கள் சுகமாக இருப்பது போட்டோவிலேயே தெரிகிறது. எந்தப் போட்டோ என்று பிறகு சொல்கிறேன். அதுவரை உட்கார்ந்தே படியுங்கள்.

கல்யாணமான இரண்டாம் மாதம் சீமைக்குப் போனீர்கள். இந்த மூன்று வருஷத்தில் தங்கம் அக்காவுக்கு உங்களிடமிருந்து வந்தவை பதினோரு பட அட்டைகள். பதினொன்றிலும் உங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் அதே மார்ஷ்கோட் கோட்டை வீடுதான். முன்பக்கம், பின்பக்கம், பனியில், வெயிலில். என்னை எப்போது கூப்பிட்டுக்கொள்வீர்கள் என்று அக்கா ஒட்டிய உறைக்குள் கேட்பாள். 1341-இல் ஒரு கம்பளி வியாபாரி அரசரிடம் அனுமதி வாங்கி, அரண்மனைக் கோட்டைக்கு இருப்பதுபோல் தன் வீட்டு மதில் உச்சியிலும் பல் வைத்தார் என்று நீங்கள் திறந்த அட்டையில் பதில் சொல்வீர்கள். தபால்காரர் முதல் உங்கள் அம்மா வரை படிக்கிற அட்டையில் பெண்டாட்டிக்கு வேறென்ன எழுத முடியும்? நல்ல மூளை அத்தான் உங்களுக்கு. பூக்காரி புஷ்பம்கூட ஒரு நாள் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா, உன் மாமா கல்லையும் செவுத்தையுமே அனுப்பிகினு கீறாரு, அவரு மூஞ்சி எங்க?" என்றாள்.

மயிலாப்பூரில் உங்கள் அம்மா அந்த அட்டைகளைக் கோயிலுக்குக்கூட எடுத்துப்போய் வாசித்துக் காட்டுவார். அக்கா பி.எட். படிக்கக் கேட்டபோது, "அவன் இன்னைக்கோ நாளைக்கோ டிக்கெட் அனுப்புவான், உனக்கு எதுக்கு இந்தச் சோலி" என்று அடுப்படிக்கு அனுப்பினார். ஏன் இன்னும் அழைக்கவில்லை என்று யாராவது கேட்டால், "எல்லாம் அவ ராசி" என்பார். அக்கா அங்கேயே நின்று காபி ஆற்றிக்கொண்டிருப்பாள்.

இந்த வருஷம் நவராத்திரிக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கொலுப் படிக்குக் கீழே பார்க் போடுவது என் வேலை. அதில் உங்கள் கோட்டை வீட்டையே கட்டினால் என்ன என்று எனக்கு முன்பே தோன்றியிருந்தது. சரித்திரம் சரியாக வேண்டுமே என்று அட்டையின் பின்னால் அச்சிட்டிருந்த கோட்டை வீட்டு விலாசத்துக்கு, உங்கள் பெயரைச் சொல்லி ஜூலையிலேயே எழுதினேன். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மிஸ் விட்லாக் என்ற அம்மாள் ஆறு பக்கம் பதில் போட்டார். பாவம், நல்ல மனுஷி.

நீங்கள் எழுதியதில் பாதி புளுகு. மூன்று மாத முற்றுகையாம், விழாத கோட்டையாம்! அந்த மதில் பல்லெல்லாம் வியாபாரியின் பவிசுக்கு வைத்தது என்கிறார் அவர். முந்நூறு வருஷம் கழித்து வந்த உள்நாட்டுப் போரில் பீரங்கியைப் பார்த்ததும் அப்போதைய வீட்டுக்காரர் பின்வாசல் வழியாக அகழியில் படகேறி ஓடிவிட்டார். வாசலுக்கு வந்து எதிரியோடு பேசியவள் அவர் மனைவி. அரை நாளில் கதவு திறந்தது. கோட்டை விட்டவர் புருஷன், கெட்ட பெயர் வாங்கியவள் பெண்டாட்டி.

கடைசிப் பக்கத்தில், கருணாகரனை எங்களுக்கு நன்றாகத் தெரியும், மனைவி மார்கரெட்டோடும் பெண் குழந்தையோடும் ஞாயிறுதோறும் வருவார் என்று எழுதி, அகழிக்கரையில் நீங்கள் மூன்று பேரும் நிற்கும் போட்டோவையும் வைத்திருந்தார். தள்ளுவண்டி அழகாக இருக்கிறது.

அக்கா வந்த பிறகும் அதை அவளிடம் கொடுக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அழுவாள் என்று நினைத்தேன். அவள் போய்க் கல்யாணச் சீரில் வந்த மரப்பாச்சி ஜோடியை எடுத்து வந்தாள். பெண் பொம்மையைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். ஆண் பொம்மையை என் கையில் கொடுத்து, "இதை அகழிக்கரையில் நிறுத்து" என்றாள்.

நிறுத்தினேன். அட்டைப்பெட்டியில் மதில், கண்ணாடியில் அகழி, கேழ்வரகு முளையில் புல்வெளி. மரப்பாச்சிக்குப் பக்கத்தில் செல்லுலாயிட் சீமைப் பொம்மை, தீப்பெட்டியில் குழந்தை. பின்னால் போட்டோ. முன்னால் என் முத்தான கையெழுத்தில் ஒரு சீட்டு: கருணாகரன், மார்கரெட், குழந்தை.

சரஸ்வதி பூஜையன்று உங்கள் அம்மா மயிலாப்பூர் மாமிகள் நாலு பேரோடு வந்தார். "எல்லாம் என் மகன் எழுதினதைப் பார்த்துப் பண்ணினது" என்று கம்பளி வியாபாரியிலிருந்து ஆரம்பித்துக் கை நீட்டி விளக்கிக்கொண்டே வந்தார். ஒரு மாமி குனிந்து சீட்டைச் சத்தமாகப் படித்தார். பொய் என்று உங்கள் அம்மா கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் அக்காவைப் பார்த்து, "இந்தப் போட்டோ உனக்கு எப்படிட்டி கிடைச்சுது?" என்றார்.

அப்போதுதான் அவருக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பது எங்களுக்குத் தெரிந்தது. நாலு மாமிகளுக்கும் தெரிந்தது. சுண்டல்கூட வாங்காமல் போனார்கள். இந்நேரம் மாட வீதி நாலுக்கும் தெரிந்திருக்கும். நான் ஒரு வார்த்தை பேசவில்லை அத்தான், பொம்மைதான் வைத்தேன்.

அக்கா இனி மயிலாப்பூருக்கு வரமாட்டாள். பி.எட். விண்ணப்பம் வாங்கியாயிற்று. விவாகரத்து சீக்கிரம் முடிய வேண்டுமானால் உங்கள் கைப்பட நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும் என்று அப்பாவின் வக்கீல் சொல்கிறார். அட்டையில் வேண்டாம். உறையில் அனுப்புங்கள். நாலே வரி போதும், சரித்திரம் வேண்டாம்.

அக்காவும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். உங்களுக்கு அல்ல, மார்கரெட்டுக்கு. நீங்களும் அக்காவும் மாலையோடு நிற்கும் கல்யாணப் போட்டோவை உள்ளே வைத்து ஒட்டியதை மட்டும் பார்த்தேன், எழுதியதை எனக்குக் காட்டவில்லை. அதையும் இதையும் ஒரே பெட்டியில்தான் போடப்போகிறேன். ஒரே தபாலில் வரும். இதைப் படித்து முடித்ததும் அது யார் கையில் இருக்கிறது என்று உள்ளே போய்ப் பாருங்கள்.

அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் என்று மிஸ் விட்லாக் எழுதவில்லை. யாரையும் காக்க வைக்காத மனுஷியாக, நோய்நொடி இல்லாமல், தீர்க்காயுசாக வளரட்டும். மார்கரெட்டுக்கும் நல்லதே நடக்கட்டும். உங்களுக்கு நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை.

இப்படிக்கு,
கையெழுத்து வரும்வரை உங்கள் கொழுந்தியாள்,
ஜெயபாரதி