பெண்கள் கூட்டு ஆட்டத்தை நிறுத்த என் கண்ணைக் காரணம் காட்டுவது குறித்து

அனுப்புநர்:
இஷ்பல் மக்கினன்,
கோல் காப்பாளர், ஆர்ட்ராக் பெண்கள் ஷின்டி அணி,
ஏரிக்கரைச் சாலை, ஆர்ட்ராக்,
மேற்கு ஹைலண்ட்ஸ், ஸ்காட்லாந்து.

பெறுநர்:
திரு. ஆலஸ்டர் கில்கிரைஸ்ட் அவர்கள்,
செயலாளர், ஸ்காட்லாந்து – அயர்லாந்து கூட்டு ஆட்டக் குழு,
இன்வர்னஸ்.

பொருள்: பெண்கள் கூட்டு ஆட்டத்தை இந்த ஆண்டுமுதல் நிறுத்திவிடலாம் என்ற வரைவு முடிவில் எனக்கு நேர்ந்த காயம் முதல் காரணமாகச் சொல்லப்பட்டிருப்பது – மறுப்பும் வேண்டுகோளும்.

பார்வை: தங்கள் குழு எல்லா ஊர் அணிகளுக்கும் சென்ற மாதம் அனுப்பிய வரைவு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. மேற்படி வரைவு எங்கள் அணிச் செயலாளர் டோலீனாவுக்கு வந்தது. அவர் அதைத் தொலைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டினார். நடுவில் ஓரிடத்தில் நிறுத்திவிட்டார். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கேட்டேன். "இல்லடி, இருக்கேன். அடுத்த பத்தி உன்னப் பத்தி. வாசிக்கவா, வேணாமா?" என்றார். வாசிக்கச் சொன்னேன். 'காயமுற்ற வீராங்கனையின் மனநிலையை முன்னிட்டும்' என்று அந்தப் பத்தி முடிகிறது. என் மனநிலை என்னவென்று தங்கள் குழு என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த மனுவுக்கு அவசியம் இருந்திருக்காது. கேட்காததால் எழுதுகிறேன்.

2. குழுவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்ற அக்டோபரில் இன்வர்னஸில் அயர்லாந்து அணியோடு பெண்கள் ஆட்டம் நடந்தது. மட்டையால் பந்தடிக்கும் எங்கள் ஷின்டியும் அவர்கள் கமோகியும் அக்கா தங்கை மாதிரி. ஆனால் வளர்ந்த வீடு வேறு. எங்கள் மட்டை ஒல்லி, அவர்கள் மட்டை அகப்பைபோல் அகலம். அவர்கள் விதிப்படி தலைக்கவசமும் முகக்கம்பியும் இல்லாமல் மைதானத்தில் கால் வைக்க முடியாது. எங்கள் விதியில் பெரியவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கூட்டு ஆட்டத்திற்குக் குழு எழுதிய விதி, 'அவரவர் வழக்கப்படி' என்று விட்டுவிட்டது. அவர்கள் எல்லோரும் அணிந்திருந்தார்கள். எங்களில் அணிந்திருந்தவர்கள் சிலரே, நான் அணியவில்லை.

3. இரண்டாம் பாதியில் உயரத்திலிருந்து இறங்கிய பந்தை உள்ளங்கையால் தட்டிவிட முன்னே வந்தேன். பந்து கையில் பட்டுக் கீழே விழுந்தது. அதே பந்தை அடிக்க அயர்லாந்து அணியின் நூலா டொனெலன் ஏற்கெனவே மட்டையை வீசிவிட்டிருந்தார். அந்த மட்டை வந்து சேர்ந்தபோது பந்து அங்கே இல்லை, என் முகம் இருந்தது. இடது கண்ணைக் காப்பாற்ற மருத்துவர்களால் முடியவில்லை. அவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை.

4. நான் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஒற்றைக் கண் உள்ளவர் பயணிகள் பேருந்து ஓட்டக் கூடாது என்பது சட்டம். அது சரியான சட்டம். இப்போது அதே பணிமனையில் தொலைபேசி எடுக்கிறேன். பனிமூட்டம், வழியில் மரம் விழுந்தது, இன்று பேருந்து வராது என்று வீடு வீடாகச் சொல்லும் வேலை. காலையில் பேருந்து என் ஜன்னலைத் தாண்டும்போது பிள்ளைகள் கையசைப்பார்கள். நானும் அசைப்பேன். முதல் சில மாதங்கள் அந்த நேரத்தில் வேண்டுமென்றே தேநீர் போட உள்ளே போய்விடுவேன். இதை இரக்கம் தேடி எழுதவில்லை. என்ன இழந்தோம் என்று தெரியாமல் ஒருத்தி பேசுகிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதற்காக.

5. நான் மருத்துவமனையில் கிடந்தபோது நூலா தன் அணியோடு ஊர் திரும்பவில்லை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் கணவர் ருவாரி மீன் பண்ணையில் வேலை செய்பவர், அதிகம் பேசாதவர். அவர் உள்ளே வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தப் பொண்ணு இன்னும் அங்கயே உக்காந்திருக்கு. ஊருக்குப் போம்மான்னு சொல்லிட்டேன், போக மாட்டேங்குது. திட்டலாம்னு போனேன். மூஞ்சியப் பாத்தா திட்டவும் வரல." நான் நூலாவைப் பார்க்க மறுத்துவிட்டேன். அப்போது எனக்கு அவர்மேல் வெறுப்பு இருந்தது. அதை இங்கே மறைப்பதில் பயனில்லை.

6. ஊரிலும் அப்படித்தான் பேச்சு. கடைக்குப் போனால், "ஐரிஷ்காரிங்க வைக்கோல் அறுக்குற மாதிரில்ல வீசுவாளுங்க" என்பார்கள். குதிரையையும் மாட்டையும் ஒரே ஏரில் பூட்டினால் இப்படித்தான் ஆகும் என்பார்கள். இந்தக் கலப்பு ஆட்டம் அங்கேயும் ஒட்டாது, இங்கேயும் ஒட்டாது, யாருக்கு வேண்டும் என்பார்கள். குளிர்காலம் முழுக்க நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். தங்கள் வரைவு புத்தாண்டுக்கு முன்னால் வந்திருந்தால் கீழே என் கையெழுத்தும் இருந்திருக்கும்.

7. நவம்பரில் தங்கள் குழு உறுப்பினர் ஒருவர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்ததையும் குறிப்பிட வேண்டும். அவர் பழம் வாங்கி வந்தார், மரியாதையாகப் பேசினார். நூலா வேண்டுமென்றே அடித்தாரா என்று கேட்டார். இல்லை, பந்தைத்தான் அடித்தார் என்றேன். கோபத்தில் அடித்திருக்கலாமா என்றார். பந்தை அடித்தார் என்றேன். தேநீர் குடித்துவிட்டு, வேறு வார்த்தைகளில் மூன்றாம் முறையும் கேட்டார். எனக்கு நூலாவைப் பிடிக்காத காலம் அது. அப்போதும் என்னிடம் வேறு பதில் இல்லை. தங்கள் வரைவில் இதுவே 'சம்பவத்தை அவர் தெளிவாக நினைவுகூரும் நிலையில் இல்லை' என்று ஆகியிருக்கிறது. ஐயா, எனக்கு மிகத் தெளிவாக நினைவிருக்கிறது. கடைசியாக இரண்டு கண்ணாலும் பார்த்தது அதைத்தான்.

8. பிப்ரவரியில் நூலாவின் தாயார் தொலைபேசியில் அழைத்தார். மன்னிப்புக் கேட்கத்தான் அழைக்கிறார் என்று நினைத்து வைத்துவிடப் போனேன். அவர் அதற்காக அழைக்கவில்லை. மகள் மட்டையைத் தொடுவதே இல்லை, பயிற்சிக்குப் போவதில்லை, அணியினர் வீட்டுக்கு வந்தால் மாட்டுக் கொட்டகைக்குள் போய்விடுகிறாள் என்றார். "உங்ககிட்ட இதச் சொல்றதுக்கு எனக்கு அருகதை இல்லைதான். வேற யார்கிட்டச் சொல்றதுன்னும் தெரியல" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. கண் போனவள் நான், ஆறுதல் சொல்ல வேண்டியவளும் நானா? ருவாரியிடம் அப்படியே கேட்டேன். "போக வேணாம்னா போகாத. ஆனா ரெண்டு நாளா கப்பல் நேரத்தப் பாத்துக்கிட்டே இருக்கியே" என்றார்.

9. போனேன். பேருந்து, கப்பல், மறுபடி பேருந்து என்று அயர்லாந்தின் கால்வே மாவட்டத்தில் இருக்கும் நூலாவின் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தேன். மாலைப் பால் கறவை நடந்துகொண்டிருந்தது. நூலா என்னைப் பார்த்தார், வெளுத்துப்போனார், ஆனால் வேலையை நிறுத்தவில்லை; மாடுகள் யாருக்காகவும் காத்திருக்காது. நான் வரிசையின் ஓரமாய் நின்றேன். திடீரென்று என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "இடது பக்கம் பாத்து நில்லுங்க, அது உதைக்கும்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கையில் இருந்த குழாயை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இடது பக்கம் பாக்கத்தான் முடியாதே, பொண்ணே" என்றேன். அக்டோபருக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அவர் சிரிக்கவில்லை, அழுதார். மருத்துவமனையில் அழாத அழுகை.

10. கறவை முடிந்ததும் ஏன் ஆடுவதில்லை என்று கேட்டேன். மட்டையை ஓங்கினால் கை பாதியில் நின்றுவிடுகிறது என்றார். நான் சொன்ன பதில் இதுதான்: "என் கண்ணு போச்சு, சரி. அதோட உன் ஆட்டமும் போனா, அது என் தலைமேலதான் விழும். ஒண்ணையே சுமக்க முடியல, ரெண்டையும் சுமக்கச் சொல்லாத."

11. மறுநாள் காலை கொட்டகைச் சுவரில் கோல் குறித்து, நூலாவின் பழைய தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு நான் முன்னால் நின்றேன். முகக்கம்பி இல்லாமல் ஆடவே கூடாது என்று என் மருத்துவர் சொல்லியிருக்கிறார், சொல்லாவிட்டாலும் மாட்டியிருப்பேன். நூலா தொட்டதும் தொடாததுமாகப் பந்தைத் தள்ளினார். "பால் திருட வந்த பூனைய விரட்டுறியா? அடி" என்றேன். அடித்தார். இடப்பக்கம் வந்ததெல்லாம் என்னைத் தாண்டிப் போயிற்று. கழுத்தைத் திருப்பி நிற்கப் பழகினேன். பிறகு சிலவற்றைத் தடுத்தேன். மதியத்திற்குள் அவர் கை பாதியில் நிற்பதை நிறுத்தியிருந்தது. ஒரு பந்து என் தோளில் பட்டு நீலமாகக் கன்றியது. மன்னிப்புக் கேட்க ஓடி வந்தவரைத் திருப்பி அனுப்பினேன். அவர் இப்போது தன் அணிக்கு ஆடுகிறார். நான் எங்கள் இரண்டாம் அணிக்குக் கோல் காக்கிறேன். நன்றாகக் காக்கிறேன் என்று சொல்ல மாட்டேன்.

12. இனி, தங்கள் வரைவுக்கு வருகிறேன். ஆட்டம் பார்க்க ஆள் வருவதில்லை என்று அது சொல்கிறது. உண்மை. பெண்கள் ஆட்டத்தை ஆண்கள் ஆட்டத்துக்கு முன்னால், காலை உணவு வேளையில் வைத்தால் யார் வருவார்கள்? அப்படியும் எங்கள் ஊரிலிருந்து ஒரு பேருந்து நிறைய வந்தார்கள். கலந்து செய்த விதிகள் இரண்டு ஆட்டத்தையும் கெடுக்கின்றன என்று சொல்கிறது. கெடுக்கின்றன என்பதில் ஓரளவு எனக்கும் உடன்பாடுதான். கையால் பிடிக்க முடியாமல் அவர்களும், தரையில் உருட்ட முடியாமல் நாங்களும் முதல் கால் மணி நேரம் தடுமாறுவோம். ஆனால் எங்கள் ஆட்டத்தை ஆட உலகத்தில் வேறு நாடு இல்லை, ஐயா. நாட்டுக்காக ஒரு சட்டை போட்டு மைதானத்தில் இறங்க எங்களுக்குக் கிடைத்திருக்கும் ஒரே வாசல் இது. கொஞ்சம் குனிந்து நுழைய வேண்டியிருந்தால் குனிகிறோம்.

13. வரைவை இரண்டாம் முறை நானே வாசித்தேன். நிறுத்தப்படுவது பெண்கள் ஆட்டம் மட்டுமே. ஆண்கள் ஆட்டம் தொடர்கிறது. சென்ற ஆண்டு ஆண்கள் ஆட்டத்தில் ஒருவருக்குத் தாடை உடைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஒருவர் விரல் இழந்தார். அவை தங்கள் குழுவின் அறிக்கைகளில் 'ஆட்டத்தின் இயல்பு' என்று எழுதப்பட்டுள்ளன. அவர்கள் உடைத்துக்கொண்டால் ஆட்டத்தின் இயல்பு, நான் உடைத்துக்கொண்டால் ஆட்டத்தை நிறுத்தக் காரணமா? விரல் போனவரின் மனநிலையை முன்னிட்டு ஆண்கள் ஆட்டத்தை நிறுத்தலாமா என்று யாரேனும் யோசித்தார்களா? இதற்குத் தங்களிடம் எழுத்துவழிப் பதில் எதிர்பார்க்கிறேன்.

14. ஆகவே நான் கேட்பவை: வரைவிலிருந்து என் காயத்தைப் பற்றிய பத்தி முழுவதும் நீக்கப்பட வேண்டும். 'அவரவர் வழக்கப்படி' என்ற விதியை எடுத்துவிட்டு, கூட்டு ஆட்டத்தில் ஆண், பெண் எல்லோருக்கும் தலைக்கவசமும் முகக்கம்பியும் கட்டாயமாக்க வேண்டும். எங்கள் பக்கத்தார் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். பெண்கள் ஆட்டம் இந்த அக்டோபரில் நடக்க வேண்டும். அணியில் எனக்கு இடம் கேட்கவில்லை. அந்த இடத்துக்கு இரண்டு கண்ணும் உள்ள நல்ல பிள்ளைகள் இருக்கிறார்கள். குழு கூடும் நாளில் எனக்குப் பேச வாய்ப்புத் தர வேண்டும். தராவிட்டாலும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

15. பணம் போதவில்லை, ஆள் வரவில்லை, விருப்பம் இல்லை, எதுவாக இருந்தாலும் குழு அதைச் சொல்லியே முடிவெடுக்கட்டும்; அதை எதிர்த்து வாதாட எங்களுக்குத் தெரியும். என் கண்ணைச் சொல்லி மட்டும் எடுக்க வேண்டாம். அது என்னுடையது. அதை எதற்குப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கும் உரிமையும் என்னுடையதே.

தங்கள் பதில் வரும்வரை மாதந்தோறும் இதே மனுவை அனுப்பிக்கொண்டிருப்பேன் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: ஆர்ட்ராக்
நாள்: 9 மே 2024

இவண்,
(ஒப்பம்) இஷ்பல் மக்கினன்

இம்மனுவுடன் இணைந்து கையொப்பமிடுபவர் சேர்த்துக்கொள்வது:

ஐயா, இஷ்பல் இம்மனுவை எனக்கு அனுப்பி, என்னைப் பற்றிய பகுதிகளுக்குச் சம்மதம் கேட்டார். அழுததை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன், முடியாது என்றார். எல்லாம் உண்மை. தங்கள் வரைவில் 'எதிரணி வீராங்கனை ஒருவரின் மட்டை பட்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் காப்பாற்ற நினைத்து எழுதியதாக இருக்கலாம், நன்றி. இஷ்பல் கேட்டபடி அந்தப் பத்தியை நீக்கிவிடுங்கள். நீக்க மனமில்லையென்றால், அந்த ஒருவர் யார் என்று பெயர் போட்டு எழுதுங்கள். அக்டோபரில் ஆட்டம் நடந்தால் நான் ஆட வருகிறேன். அதே மைதானமானாலும் வருகிறேன்.

(ஒப்பம்) நூலா டொனெலன்,
கால்வே, அயர்லாந்து.